நுரை நிற்க வேண்டும்

எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கும் என் கெட்ட பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர், மாமியாரின் பி.பி. மெஷின்... எதுவும் தப்பியதில்லை. ஆனால், போன ஞாயிற்றுக்கிழமை கழற்றியது மாதிரி இன்னொன்று என் கைக்கு வர வேண்டாம்.

காலையில் கடலூர் செம்மண்டலத்திலிருந்து மாமா போன் செய்தார். என் அம்மாவின் தம்பி.

"மாப்ள, ஸ்க்ரூ டிரைவரு, சால்டரிங் எல்லாம் எடுத்தாந்துடு. பன்னெண்டு மணிக்குப் படையல்."

அவருடைய ஒரே மகன் குமரன் அயர்லாந்தில் வேலை பார்த்தவன். அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனான், முப்பத்து நாலு வயதில். அன்று அவனுக்கு முதல் வருஷப் படையல். எப்படியும் போக வேண்டியவன்தான் நான். ஆனால், படையலுக்கு எதற்கு சால்டரிங்? சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதே யோசனை.

மாமா என்னை மாடி அறைக்குக் கூட்டிப்போய், கையடக்கமான மெஷின் ஒன்றை மேஜையில் வைத்தார். கறுப்பு பீர் டின்னின் வாயில் இதை மாட்டி, பட்டனை அழுத்தி ஊற்ற வேண்டும். காதுக்கே கேட்காத அதிர்வில் பீர் பொங்கி, மேலே பாலேடு மாதிரி நுரை கட்டும். குமரனுக்கு அது உயிர்.

சரி, மாமாவுக்கு? அவருடைய அப்பா குடித்தே அழிந்தவர். அதனால் மாமா வீட்டு வாசலை ஒரு பாட்டில்கூடத் தாண்டக் கூடாது. அவர்தான் முந்தின நாள் பாண்டிச்சேரி போய், கடைக்காரரிடம் செல்போனில் படம் காட்டி, ஒரே ஒரு டின் வாங்கி, துண்டில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஊரையே சோதனை போட்ட மனுஷன்!

"செக்போஸ்ட்ல தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன் மாப்ள" என்றார். சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"அவனுக்குப் புடிச்சத வெக்கணும்ல? ஆனா நுரை நிக்கணும். இது வேலை செய்ய மாட்டேங்குது."

கழற்றினேன். அடியில் ரப்பர் மூடி, அதற்குள் நான்கு குட்டி ஸ்க்ரூ. உள்ளே ஒரு பேட்டரி, விரல் நீளத்தில் சர்க்யூட் போர்டு, காசு மாதிரி ஒரு வட்டத் தகடு — அதுதான் அதிர்வது. அதற்குப் போகும் ஒயர் விட்டுப்போயிருந்தது. இடுக்கில் பழுப்பாகக் காய்ந்த கறை. பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ விழுந்துச்சா மாமா?"

கழற்றிய ரப்பர் மூடியை மாமா விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். நான் சால்டரிங்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்.

"விழல. நான்தான் தட்டிவுட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முன் குமரன் பொங்கலுக்கு வந்தபோது நடந்திருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தவன், மாமா உள்ளே வந்ததும் ஒளிக்கவில்லை. "ஒரே ஒரு தடவ பாருப்பா, எப்டி நிக்குதுன்னு" என்றிருக்கிறான், ஆசையாக. ஒரே தட்டு. மெஷினை இங்கேயே விட்டுவிட்டு மறுநாளே அயர்லாந்துக்குக் கிளம்பிவிட்டான். அப்புறம் வாராவாரம் போன் வரும். மாமா அதை அத்தையிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"குடின்னா சொன்னான்? பாருன்னுதான மாப்ள சொன்னான்..."

இரண்டு முறை ஈயம் தவறி விழுந்தது. ஒருவழியாக ஒயர் பிடித்தது. இத்தனை நாள் கிடந்த பேட்டரி சார்ஜ் ஏறுமா? மாமா என்னைவிட அதிகமாக பயந்தார். ஏறியது.

குமரன் போட்டோவுக்கு முன் இலையில் வஞ்சிர வறுவல், பிரியாணி, அவிச்ச முட்டை. பக்கத்தில் கண்ணாடி டம்ளர். மாமாதான் ஊற்றினார். கறுப்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழுந்து நின்றது. கற்பூரம் காட்டி, அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அத்தை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். நானும்தான்.

கதவைத் திறந்ததும் முதலில் போனவர் மாமா. நுரை இன்னும் கலையவில்லை. படைத்ததை வீட்டு மனிதர்கள்தானே சாப்பிட வேண்டும்? டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அறுபத்தெட்டு வயதில் முதல் வாய். முகம் சுளித்தார்.

"கசக்குது..." என்றார் போட்டோவைப் பார்த்து. "ஆனா, நல்லா நிக்குதுடா குமரா."

பிள்ளைகள் எதையாவது காட்டி 'பாருப்பா' என்றால் பார்த்துவிடுங்கள் சார். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.