மூன்று மணித் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குத் தஞ்சோங் மாலிமில் காரை எடுத்தேன். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். ஆற்றைப் பார்க்க ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று அங்கிருக்கும் ரீத்தா அக்காவிடம் பெரிய இவன் மாதிரி சொல்லியிருந்தேன். பாதி வழியில் டயர் வெடித்தது. கடை தேடி மாற்றிக்கொண்டு போய் இறங்கும்போது மணி ஒன்று. என் மேலேயே எனக்கு எரிச்சல்.

"காலையில பாக்க வேண்டிய ஆறு தம்பி அது. சரி, மொத சாப்புடுங்க லா," என்றார் அக்கா.

ரீத்தா அக்கா முன்பு ரப்பர்த் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுத்தவர். இப்போது பத்து காஜா என்னும் ஊரில் ஒரு பள்ளிக் கெந்தினில் சமைக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் பழைய தோட்டத்து ஆற்றில் இறங்கி, வெப்பமானியை முக்கி, நோட்டில் எழுதுவார். பதினோரு மாதமாக இதுதான் பழக்கம்.

காரணம், தெங்காஸ் மீன். தண்ணீர் சூடானால் அது தாங்காது. ஆறு எத்தனை டிகிரியைத் தாண்டக்கூடாது என்று மறுநாள் கூட்டத்தில் அதிகாரிகள் முடிவுசெய்யப் போகிறார்கள். இருபத்தேழு என்று பேச்சு. தோட்ட நிலத்தைப் புதிதாக வாங்கியவர்கள் எண்ணெய்க்குச் செம்பனை நட, கரை மரங்களில் பாதியை முன்பே வெட்டிவிட்டார்கள். மீதியையும் வெட்ட அனுமதி கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு சூடு என்பதற்கு அக்காவின் நோட்டுதான் சாட்சி.

இருபது கிலோமீட்டர் ஓட்டி ஆற்றங்கரைக்குப் போனபோது மணி மூன்று. அக்கா நிழலில் முக்கினார்: இருபத்தாறு. மரம் வெட்டிய பக்கம் போய் முக்கினார். முப்பத்தொன்று. வெப்பமானியை உதறிவிட்டு மறுபடி முக்கினார். அதே முப்பத்தொன்று.

நோட்டைப் புரட்டினேன். நிழலிலும் வெட்டவெளியிலும் தினமும் இருபத்துநாலு, இருபத்தஞ்சு. எல்லாமே காலை ஆறே முக்கால் மணிக்கு எடுத்தவை.

அக்கா கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெயில் ஏறுனா பால் நின்னுரும்னு இருட்டுலயே மரத்துக்குப் போனவ நானு. தண்ணிக்கும் வெயில் ஏறும்னு தோணவே இல்ல பாருங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன்.

புதன்கிழமை காலை பத்து மணி, பத்து காஜாவில் ஒரு மண்டபம். நில முதலாளியின் மேனேஜரும் தமிழர்தான். சாட்சியாக மேசையில் வைத்திருந்த அக்காவின் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இவங்க எழுதுனதுதான். மரம் வெட்டுன எடத்துலயும் தண்ணி சில்லுன்னுதான் இருக்கு," என்றார்.

அக்கா எழுந்தார்.

"அண்ணே, நோட்டுல பொய் இல்ல. ஆனா அத வச்சு மரத்த வெட்டாதீங்க. எல்லாம் விடியக்காலை கணக்கு. நேத்து மூணு மணிக்கு முப்பத்தொண்ணு இருந்துச்சு. வாங்க, இன்னிக்கும் போலாம்."

மூன்று மணிக்கு அதிகாரிகள் காலுறையைக் கழற்றிவிட்டு ஆற்றில் நின்றார்கள். அன்றும் முப்பத்தொன்று. பிற்பகல் அளவுகளை ஓராண்டு எடுத்துப் பார்க்கும்வரை ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று முடிவானது. பழைய நோட்டு கணக்கில் சேராது.

ஐந்து மணிக்குக் கிளம்பினேன். "பதினோரு மாசமும் வீணாப் போச்சேக்கா," என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

அக்கா வெப்பமானியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"தெனமும் நான் ஏழு மணிக்கெல்லாம் ஆத்த விட்டுக் கெளம்பிப் போயிட்டேன் தம்பி. மூணு மணிக்கு மீனு எங்க போவும்?"