நியூட்ரல் விழாத பைக்கும் சந்திரன் அண்ணனும்

சந்திரன் அண்ணன் இறந்துவிட்டார். மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில், பார்சல் கொண்டுபோன வழியில்... லொறி அடித்து.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று காலை, அவர் வேலை செய்த கூரியர் கம்பெனி அவருடைய படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம். வீதியில் அவதானமாக இருப்போம்." கீழே ஒரு மெழுகுவர்த்தி, அதைவிடப் பெரிதாக கம்பெனி லோகோ.

அவதானமாக இருப்போமாம்.

"நீங்கள் அவருக்குக் கொடுத்த பைக் நியூட்ரலுக்கு விழாது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்" என்று அங்கே கொமென்ட் போட்டேன். ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், கொமென்டைக் காணவில்லை. திரும்பப் போட்டேன். என்னை ப்ளொக் பண்ணிவிட்டார்கள்.

அதனால் இங்கே என் பக்கத்தில் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு... சந்திரன் அண்ணன் எல்கடுவ பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மாத்தளை டவுன் கிளையில் ரைடர். கல்யாணத்துக்கு முன்பு நான் அதே கிளையில் கவுண்டரில் இருந்தேன், உக்குவளையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

அந்தக் கிளையில் நோன்பு பிடிக்கிற ஆள் நான் ஒருத்திதான். ரமழான் மாதம் முழுக்க அவர் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். பரவாயில்லை, இங்கேயே சாப்பிடுங்கள் என்றால் கேட்கவே மாட்டார்.

அப்படி ஒரு மனிதர். அவருக்கு அப்படி ஒரு பைக்.

செகண்டிலிருந்து தட்டினால் நேரே ஃபர்ஸ்டுக்குப் போகும். மெல்லத் தூக்கினால் செகண்டுக்கே ஏறும். நடுவில் இருக்க வேண்டிய நியூட்ரல் மட்டும் கிடைக்காது. க்ளச்சை முழுக்கப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் ஊரும்.

எஞ்சினை நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித்தான் நியூட்ரல் எடுக்க வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட்டும் வேலை செய்யாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்டி, நிறுத்தி, திரும்ப உதைத்து...

ஒருமுறை தோட்டத்து லயத்து வீடொன்றுக்குக் கல்யாணச் சேலை கொண்டுபோனார். பெண்ணின் அப்பாவிடம் கையெழுத்து வாங்க ஃபோனை நீட்டும்போது க்ளச்சிலிருந்து கை நழுவ, பைக் அவரையும் இழுத்துக்கொண்டு முற்றத்துப் போஞ்சிக் கொடிப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. இருந்து பந்தலைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அந்த வீட்டார் சிரித்துச் சிரித்து ஒரு பை நிறையப் போஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

அதைக் கவுண்டரில் என் முன்னால் வைத்தார். "நான் பறிக்கல தங்கச்சி. பைக் பறிச்சது."

அப்போது சிரித்தோம். பிறகு அவருடைய இடது கையைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ரயில் கேட்டிலும் டவுன் நெரிசலிலும் க்ளச்சை விடாமல் பிடித்துப் பிடித்து, பின்னேரமானால் விரல்கள் மடங்காது. ஒரு மழை நாளில் ரெயின்கோட் பட்டனைப் பூட்ட முடியாமல் நின்றார்... இன்னொரு ரைடர்தான் பூட்டிவிட்டார்.

மெனேஜரிடம் சொன்னார். எத்தனையோ தடவை சொன்னார். க்ளச் ப்ளேட்டும் கேபிளும் தேய்ந்துவிட்டன, மாற்றாமல் ஓட்ட வேண்டாம் என்று கராஜில் சொன்னதையும் சொன்னார்.

"ஓட்டத் தெரியாதவனுக்குத்தான், சந்திரன், நியூட்ரல் விழாது." எல்லோர் முன்னாலும் மெனேஜர் சொன்ன பதில் இது.

சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒருநாள் மெனேஜரே அதில் ஏறி ஒஃபிஸ் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். நிறுத்தப் பார்த்தார். தட்டினார், தூக்கினார், திரும்பத் தட்டினார்... வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. இறங்கினார். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆக, அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அனுப்பினார். எனக்கு அருவருப்பாக இருப்பது இதுதான்.

பிறகு அந்தப் பைக்குக்கு ஒன்று செய்தார்கள். டேங்கில் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

நாலந்தாவில் நடந்ததை, அப்போது அவருக்குப் பக்கத்தில் நின்ற த்ரீவீல்காரர் சொன்னார். யாரும் கூப்பிடாமலே அடக்கத்துக்கு வந்திருந்த சிங்கள மனிதர். குறுக்கு வீதியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுவதற்காக, வருகிற லொறி போகட்டும் என்று இருவரும் நின்றிருக்கிறார்கள். அண்ணன் காலால் கியரைத் தட்டிக்கொண்டே இருந்தாராம்.

ஏதோ அறுந்த சத்தம். வண்டி தானாகத் துள்ளி நடு ரோட்டில், லொறிக்கு முன்னால் போய் நின்றுவிட்டதாம்... க்ளச் கேபிள்.

இழவு வீட்டுக்கு மெனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். கூடவே கம்பெனி பெயர் போட்ட ஒரு பெனர். அதைப் பெட்டிக்குப் பின்னால் கட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு சந்திரன் அண்ணனின் மனைவியிடம் வந்து, சந்திரன் நல்ல வேலைக்காரர், ஆனால் கொஞ்சம் அவசரக்காரர் என்று ஆறுதல் சொன்னார்.

ஆறுதல்!

அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு எதுக்கும் அவசரப்பட்டவரு இல்ல சேர். இந்தப் பெனர அவுத்து எடுத்துட்டுப் போங்க."

லயத்து ஆட்கள் இரண்டு பேர் எழும்பி, பெனரை அவிழ்த்து, சுருட்டி, மெனேஜர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

பொலிஸ் விசாரணை இன்னும் முடியவில்லை. ரைடரின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம். அண்ணி நாளைக்குப் பொலிஸுக்குப் போகிறார். த்ரீவீல்காரரும் வந்து, பார்த்ததைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"நீயும் வர்றியா தங்கச்சி?" என்று அண்ணி என்னைக் கேட்டார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் கணவர் லீவு போட்டிருக்கிறார், அவரே கூட்டிப்போகிறார்.

அண்ணிக்கும் அவர்களுடைய மகளுக்கும் என் துஆ எப்போதும் உண்டு.

போயிட்டு வாங்க, சந்திரன் அண்ணன்...