சாக்குப் படுதாவுக்குப் பின்னால்

வெள்ளைக்காரன் காலம், செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்தது. அதன் சுங்கச் சாவடியைத் தாண்டிக் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். சாரல் வலுத்துவிட்டால் மலையிலிருந்து வண்டிகள் மரம் கொண்டு இறங்காது. மரம் இறங்காவிட்டால் மரக்கடையில் ஆள் வேண்டாம். காலையில் முதலாளி கூப்பிட்டு, மழை விட்டதும் வா என்றார். எங்கே போயிருந்து வருவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தென்காசியில் ரயிலேறி மதுரைக்குப் போய்விடலாம், மில்லில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பிவிட்டேன். டிக்கெட்டுக்கு வழியில்லை என்பதை நடக்கிறபோது யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வயதில் எல்லாவற்றையும் அப்படித்தான் யோசித்தேன்.

இலஞ்சியைக் கடந்து குற்றாலத்துப் பாதை பிரியும் இடத்தில் ஒரு தென்னோலைக் கொட்டகை இருந்தது. குழம்பு கொதிக்கும் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வாசலில் பத்திருபது பேர் வரிசையில் நின்றார்கள். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடும் தர்மங்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. கேள்வி கேட்காமல் நானும் வரிசையில் நின்றேன்.

முன்னால் போனவர்கள் கையில் இலை வாங்கவில்லை. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் வாங்கிக்கொண்டு, சாக்குப் படுதா ஒன்றுக்குப் பின்னால் போய், வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். தப்பான இடத்தில் நிற்கிறோமோ என்று விலகப் பார்த்தேன். காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, எங்க போற? சோறு எல்லாருக்கும் உண்டு. ஓட்டுப் போட்டாலும் உண்டு, போடாட்டாலும் உண்டு. அவசரமின்னா இப்பமே போய் உக்காரு."

அவர் தென்காசியில் நவதானியக் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். வருஷா வருஷம் சாரலுக்குச் சோறு போடுவது அவர் வீட்டுத் தர்மம். தேர்தல் வரப்போகிறது என்று அந்த வருஷம் பாயசத்தையும் அப்பளத்தையும் நிறுத்திவிட்டு, அந்தச் செலவில் ஓட்டுப் போடப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"பாயசத்த நிறுத்திட்டு ஓட்டு வாங்குதீரே அண்ணாச்சி, இதுல புண்ணியம் உண்டா?" என்று வரிசையில் ஒருவர் சீண்டினார்.

"உமக்குச் சீனி வியாதின்னு உம்ம பொண்டாட்டி சொன்னா. அதுக்கே எனக்குப் புண்ணியம் உண்டுவே."

படுதாவுக்குப் பின்னால் மூன்று மண்ணெண்ணெய் டின்கள் இருந்தன. மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல். ஒரு டின்னில் கத்திரிக்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஒன்றில் முருங்கைக்காய். மூன்றாவதன் முன்னால் ஒரு தடியங்காய் உட்கார்ந்திருந்தது. வெண்பூசணிக்கு அங்கே அதுதான் பெயர். எந்த டின்னில் அதிகச் சீட்டு விழுகிறதோ அந்தக் காய்தான் மறுநாள் குழம்பில். நிஜத் தேர்தலில் பெட்டிகள் கலர் கலராக இருக்கும், ஒரு கலருக்கு ஒரு ஆள். எந்தக் கலர் யாருக்கு என்று யாராவது கேட்டால், "அத அவங்கவங்க ஆளுகிட்ட விசாரியும். எங்கிட்ட காய்தான் இருக்கு," என்பார் அண்ணாச்சி.

எனக்கு முன்னால் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவள் புருஷன் முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய் அங்கேயே செத்துப்போனவன். அப்போது நிலமோ வீடோ வரியோ இல்லாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. பென்ஷன் வாங்குகிற சிப்பாய் விதவை என்பதால் அவளுக்கு ஓட்டு உண்டு. உள்ளே போனவள் நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சீட்டை மூன்றாகக் கிழித்து, டின்னுக்கு ஒரு துண்டு போட்டிருந்தாள். ஒரு துண்டு கீறலில் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"காய்க்கு இல்ல அண்ணாச்சி. அன்னைக்கும் இப்படித்தான் போடணும்னு நெனச்சிருக்கேன். நான் பயிரு வைக்கது ஒருத்தரு வயலு. அவரு நிக்காரு. மடையில தண்ணி விடுதது இன்னொருத்தரு ஆளு. அவரும் நிக்காரு. ரெண்டு பேரும் சொல்லிவிட்டிருக்காவ. ஒருத்தருக்குப் போட்டா மத்தவரு விடுவாரா? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா யாரும் கேக்க முடியாதுல்லா?"

"கிழிச்சுப் போட்டா அது செல்லாது தங்கச்சி. யாருக்குமே போடாத மாதிரி. நான் போன தடவ சீட்டப் பெட்டி மேல பூ வைக்க மாதிரி வச்சுட்டுக் கும்புட்டுட்டு வந்தேன். செல்லாமப் போச்சு. அதுல வந்த ரோசந்தான் இந்தக் கொட்டகை." அவர் குரலைத் தணித்தார். "உள்ள நீ என்ன செய்தேங்கது யாருக்கும் தெரியாது."

"தெரியும்," என்றது வேறொரு குரல்.

கொட்டகைக் காலில் சாய்ந்து குடையோடு நின்றவர் அந்த வயல்காரரின் கணக்கப்பிள்ளை. தர்மத்துக்கு இரண்டு மூட்டை அரிசி தருவதாக எஜமான் சொல்லிவிட்டதைத் தெரிவிக்க வந்தவராம். தேர்தல் முடியட்டும், அப்புறம் நான்கு மூட்டையாகக் கொடுங்கள் என்று அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார். ஆனாலும் அவர் போகவில்லை.

"முகத்தப் பாத்தே சொல்லிருவேன். முப்பது வருஷமா குடியானவன் முகத்தப் பாத்துத்தான் வார நெல்லு அளக்கேன். எவன் நெல்ல ஒளிச்சாங்கது எனக்குத் தெரியாதா? ஏட்டி, ஒம் முகம் எனக்குத் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணாச்சி இன்னொரு சீட்டு நீட்டினார். அவள் வாங்கினாள், ஆனால் நகரவில்லை. எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தடியங்கா. பட்டினி கெடக்கவன் எது பெருசோ அதத்தான் பாப்பான்."

"இல்ல, கத்திரிக்கா," என்றேன்.

கொட்டகையே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் என் மேல் பாய்ந்தார். "ஏலே கூறுகெட்டவனே! அதச் சொல்லக் கூடாதுன்னுதானல இம்புட்டுப் பாடு! அவரு கேட்டா நீ வாயத் தெறந்துருவியா?"

"பொய் சொல்லுதான்," என்றார் கணக்கப்பிள்ளை. "நாடோடிப் பய. அவன் முகம் எனக்குப் பழக்கமில்ல. இவ வரட்டும், சொல்லுதேன்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தை எல்லோரும் பார்த்தோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்கப்பிள்ளை குடையால் தரையைத் தட்டினார்.

"முருங்கக்கா. சரிதான ஏட்டி?"

அவள் அவரையே பார்த்தாள். தலை குனியவில்லை.

"நீங்க சொன்னா சரிதான் ஐயா," என்றாள்.

"பாத்தீரா!" என்று அவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவள் சொன்னதற்கு அர்த்தம் ஆமாமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் கேட்டார். அவள் அதே பதிலை அதே குரலில் சொன்னாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்.

சாப்பிட்ட பின் வாய்க்காலில் கை கழுவும்போது அவள் அண்ணாச்சியிடம் கேட்டாள்: "அன்னைக்கும் இதே மாதிரி மறைப்பு இருக்குமா?"

"இருக்கும். போலீசு கூட உள்ள வரக் கூடாது."

"அவருக்கு ஒண்ணுந் தெரியல அண்ணாச்சி," என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணுமே தெரியல." இலஞ்சிக்குப் போகும் வழியிலும் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

அன்று தடியங்காய் ஜெயித்தது. அண்ணாச்சி டின்களைக் கவிழ்த்து எல்லோர் முன்னாலும் எண்ணினார். கத்திரிக்காய்க்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன்.

மழை நிற்கவில்லை. கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விடிந்ததும் அண்ணாச்சி வந்து என்னை எழுப்பி, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"இங்கன ஒனக்கு யாரும் உண்டா?"

"யாருமில்ல."

"வயலு, வீடு, வரி?"

"ஒண்ணுமில்ல."

"ஓட்டு?"

"அதுவும் இல்ல."

"எந்தப் பெட்டிக்காரங்கிட்டயும் கூலி வாங்கிருக்கியா?"

மரக்கடை முதலாளி திருவிதாங்கூர்க்காரர், இந்தத் தேர்தலில் அவருக்கு வேலையில்லை என்றேன். அண்ணாச்சிக்கு அது பிடித்தது. அதுவரை படுதாவண்டை நின்றவன் ஒரு வேட்பாளருக்கு மைத்துனன் முறையாம். அவன் எட்டிப் பார்ப்பானோ என்று பெண்கள் வரத் தயங்கினார்களாம். இல்லாமையைத் தகுதி என்று எடுத்துக்கொண்டு எனக்கு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மதுரைக்குப் பிறகு போய்க்கொள்ளலாம் என்று சரி என்றேன்.

முதல் வேலை தடியங்காய் நறுக்குவது. ஜெயித்த காயை இன்றைக்கே சமைக்காவிட்டால் நாளைக்கு ஒருவனும் ஓட்டை நம்பமாட்டான் என்றார். நறுக்கி முடித்ததும் வேறு டின்களும் படுதாவும் தலையில் ஏறின. பக்கத்து ஊரான மேலகரத்தில் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் ஓட்டுப் போட்டுப் பழகக் காத்திருந்தார்கள். அங்கே நான் செய்ய வேண்டியது, படுதாவுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது. உள்ளே யார் போனாலும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது.