முகூர்த்த நேரத்தில் காணாமல் போன கார் சாவி

முகூர்த்தம் முடிய அரை மணி நேரம்கூட இல்லை. தாலி என் காரின் பின்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவியைக் காணோம். அம்மனை நம்பும் சகோதர சகோதரிகளே, நான் நின்ற நிலையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், கார்த்திகை மாதக் கடைசியில் நடந்தது இது. எங்கள் ஊரான காஜா பேராங்கில் என் தங்கை மகன் செல்வராஜுவுக்குக் கல்யாணம். என் தங்கை சாகும்போது அவனை என் கையில்தான் ஒப்படைத்தாள். அவன் தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டான். வளர்த்தது, படிக்க வைத்தது, பெண் பார்த்தது எல்லாம் நான். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி தூக்கி, லாரியில் கிளீனராகி, டிரைவராகி, சொந்தக் காரும் வாங்கியவன். அந்த நாளில் காஜா பேராங்கில் கார் வைத்திருந்த நம் ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் நான் கட்டை விரல்.

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. ஒரே ஒரு சாவிக்கொத்துதான் கொடுத்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். நானும் விட்டுவிட்டேன். நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை என்ற நினைப்பு.

என் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கார் எதற்கு இருக்கிறது? மாப்பிள்ளையை உட்கார வைத்து, தெங்கேரா வழியாக ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தேன். கூறைச் சேலைக்குள் தாலிப்பெட்டியைச் சுற்றி, சீர்த் தட்டுகளோடு பின்பெட்டியில் வைத்துப் பூட்டியதும் நான்தான். தாலியைக் கையில் எடுத்து வருகிறேன் என்றுதான் என் மனைவி சொன்னாள். இரும்புப் பெட்டிக்குள் இருப்பதைவிட உன் கையில் பத்திரமோ என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

பெண் வீட்டு வாசலில் இறங்கினோம். ஆலத்தி எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பந்தலுக்குள் ஓடினோம். மழை விட்டது, மேளம் தொடங்கியது, சடங்குகள் ஒவ்வொன்றாக நடந்தன. குருக்கள் தாலியையும் கூறையையும் கொண்டு வரச் சொன்னார். எழுந்தேன். சட்டைப் பையில் கை விட்டேன். இல்லை. வேட்டி மடிப்பில் இல்லை. காருக்குள், காருக்கு அடியில், உட்கார்ந்திருந்த பாயின் கீழ், எங்கும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. எதையோ பார்வையிடுகிறவன் மாதிரி காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பயந்துவிட்டேன். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

நான் சாவியைத் தேடுவதைப் பெண்ணின் பெரியப்பா அங்கமுத்து கண்டுபிடித்துவிட்டார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். தாய் தகப்பன் இல்லாத பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று ஆரம்பத்திலிருந்தே முகம் கொடுக்காதவர். பெண்ணின் தகப்பனார் தங்கமான மனிதர்தான். ஆனால் அண்ணன் பேச்சைத் தாண்ட மாட்டார்.

"என்ன தவுக்கே, கார் பெரிசு, சாவி மட்டும் சின்னதாப் போச்சோ?" என்றார். தவுக்கே என்றால் முதலாளி; குத்தலாகத்தான் சொன்னார்.

"வச்ச இடத்துலதான் இருக்கும்."

"அந்த இடம் எதுன்னு சொன்னா நாங்களும் தேடலாம்ல?"

நாலைந்து ஆண்கள் சேர்ந்துவிட்டார்கள். பூட்டுக்கடைச் சீனரைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் போனார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"மஞ்சளக் கட்டி அனுப்ப, எங்க பொண்ணு கேக்க நாதியில்லாதவளா?" என்றார் அங்கமுத்து.

நான் கடப்பாரையைக் கையில் எடுத்தேன். கார் என்னுடையது, பூட்டும் என்னுடையது. உடைத்துவிட்டுப் போகிறேன். அவர் பின்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பூட்ட உடைச்சு எடுத்த தாலியா? நல்ல நேரத்துல இடிக்கிற சத்தம் இந்த வாசல்ல கேக்கக் கூடாது. மீறிச் செஞ்சீங்க, பொண்ண உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் மார்கழி, தையின்னு பேசிக்கிட்டு யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம்."

கடப்பாரையைக் கீழே வைத்தேன். மணவறையில் செல்வராஜு திரும்பிப் பார்த்தான். என்னிடம் இல்லாத பொருளே கிடையாது என்று நினைத்து வளர்ந்த பிள்ளை.

என் மனைவி பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்குங்க. தொலைஞ்சத அவதான் தருவா."

எங்கள் வரிசையில் குடியிருந்த செட்டிநாட்டு ஆச்சி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வேண்டுதல் அது. பொருள் கிடைத்தால் அம்மனுக்கு வெல்லம் படைத்து எல்லாருக்கும் பங்கிட வேண்டும். அதுவரை நான் சாமி கும்பிட்டிருக்கிறேனே தவிர, எதையும் கேட்டதில்லை. உழைத்தேன், கிடைத்தது. கேட்பானேன் என்று இருந்தவன்.

கிழக்கே பார்த்துக் கை கூப்பினேன். மனதுக்குள் வேண்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் லாரி ஓட்டிய தொண்டை. வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"தாயே அரைக்காசு அம்மா! கார் சாவியத் தொலைச்சிட்டேன். எங்கேன்னு எனக்குத் தெரியல. தாலி உள்ள இருக்கு. தாயில்லாப் பிள்ளை மணவறையில உக்காந்திருக்கான். நீ காட்டிக் குடு. வெல்லம் வைக்கிறேன்."

மேளம் நின்றுவிட்டது. ஊரே கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும்.

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "அலாமா, ஐயய்யோ! சாவியா?"

அங்கமுத்துவின் தங்கை முனியம்மா. கிளேபாங்கிலிருந்து வந்திருந்தவர், எங்களுக்கு ஆலத்தி எடுத்தவர். ஆலத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். சிவப்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. உள்ளே கை விட்டு, என் சாவிக்கொத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் சொட்டச் சொட்டத் தூக்கிக் காட்டினார்.

"ஏண்ணே, ஆலத்தியில காசு போடுவாங்க. நீங்க காரையே போட்டிருக்கீங்களே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாய்மாமன் என்ற முறையில் தட்டில் காசு போட வேண்டியது நான். எண்ணிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பையிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஊர் பார்க்கப் போட்டேன். காசோடு சாவியும் போயிருக்கிறது. சிவப்புத் தண்ணீருக்குள் எது காசு, எது சாவி என்று யார் கண்டது? எடுத்த உடனே அந்தத் தண்ணீரை முச்சந்தியில் கொட்டிவிடுவார்கள். மழை வந்ததால் அடுப்படி பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்களாம். நான் கத்தியது கேட்டபோது முனியம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார், வாய்க்காலில் கொட்ட. தண்ணீருக்குள் ஏதோ உருண்ட சத்தமும் என் சத்தமும் ஒன்றாகக் காதில் விழுந்ததாம்.

"குடு தாயி" என்று கை நீட்டினேன்.

"தட்டுல விழுந்தது எடுத்தவளுக்குத்தானே? அது முறைதானே?" அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "சொல்லுங்கண்ணே, முறை பாக்கிற ஆளு நீங்கதானே."

அங்கமுத்து பின்பெட்டியை விட்டு விலகி நின்றார்.

"கல்யாணம் முடிஞ்சதும் என்னை கிளேபாங்குக்கு இந்தக் கார்லயே கொண்டு விடணும். முன் சீட்டுல."

"சீட்டையே கழட்டித் தர்றேன். குடு."

பின்பெட்டியைத் திறந்தேன். எதுவும் உடையவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. நல்ல நேரத்துக்குள் செல்வராஜு தாலி கட்டினான். நான் அழுதேன் என்று என் மனைவி சொல்கிறாள். அட்சதை கண்ணில் விழுந்தது.

எப்படியும் கிடைத்திருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்திருக்கும், வாய்க்காலில். நான் என்ன சொல்கிறேன் என்றால், ஒரு நிமிஷம் பிந்திக் கேட்டிருந்தால் போயிருக்கும். முந்திக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சரியான நிமிஷத்தில் என் வாயைத் திறந்தது அவள்தான். அது என் சாமர்த்தியம் இல்லை. என் சாமர்த்தியம் எது, எது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் அம்மனுக்கு வெல்லம் படைக்கிறோம். செல்வராஜுவும் மருமகளும் பிள்ளைகளோடு வந்து வாங்கிப்போகிறார்கள். இப்போது நான் கேட்கிறேன். உடம்புக்குக் கேட்கிறேன், வண்டிக்குக் கேட்கிறேன், பிள்ளைகளுக்குக் கேட்கிறேன். கேட்பதால் நான் சின்ன ஆளாகிவிடவில்லை. இரண்டாவது காரும் வாங்கிவிட்டேன்.

போன வருஷம் ஒரு காலையில் அங்கமுத்து என் வீட்டுக்கு வந்தார். அவருடைய கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. புக்கிட் ரம்பாய் வரைக்கும் தேடிவிட்டாராம். "அந்த வெல்லம்... எப்படி வேண்டிக்கிறது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"முதல்ல தெருவுல நில்லுங்க. காணோம்னு வாய்விட்டுச் சொல்லுங்க. வெல்லம் அப்புறம்" என்றேன்.

அவர் வாசலில் போய் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தாயே என்று கூப்பிட்டார் பாருங்கள், என் குரலைவிடப் பெரிய குரல். எதிர்வீட்டு மலாய்க்காரர் ஜன்னலைத் திறந்து, தன் வாழைத் தோட்டத்தில் ஒரு மாடு நிற்பதாகச் சொன்னார்.

கார் சாவியோ, மாடோ, மனநிம்மதியோ, உங்களிடமும் ஏதாவது தொலைந்திருக்கும். பையைத் தேடுங்கள், பாயைத் தூக்கிப் பாருங்கள், அது உங்கள் கடமை. பிறகு மறைக்காமல், வெட்கப்படாமல், அம்மனிடம் சத்தமாகக் கேளுங்கள். அவள் அதை யார் காதில் கொண்டுபோய்ப் போடுவாள் என்று நமக்குத் தெரியாது.