முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குலம்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் எதிரே பேசவே கூசுவேன். மந்தைவெளியிலிருந்து தி.நகர் போய் வந்ததைப் பயணம் என்று எழுதுவதற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று ஜீன்ஸைப் பற்றித் தெரிந்துகொண்டதைச் சரியாகவே சொல்வேன்.

வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண் நிர்மலா தன் ஜீன்ஸின் உயரத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அது முழங்காலுக்குக் கீழே அகன்றுகொண்டே போனது. கம்பெனிக்காரன் தப்பாக வெட்டிவிட்டான் என்று நினைத்து, அவளைக் கேட்காமலே நேராக வெட்டித் தைத்துவிட்டேன்.

"ஐயோ ஆன்ட்டி, அது பூட்கட்! திங்கக்கிழமை டான்ஸ்ல எட்டு பேரும் அதான் போடறோம்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

அதே மாதிரி ஒன்று வாங்கித் தந்துவிடலாம் என்று, சனிக்கிழமை காலை 10.10க்கு அந்த ஜீன்ஸைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசம். ஆறு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம்.

11.00. பாண்டி பஜாரில் ஒரு கடை. "யாருக்குக்கா? உங்களுக்கா?" என்று விற்பனைப் பையன் சிரித்தான். இருபத்தெட்டு சைஸில் பூட்கட் இல்லையாம். "இப்ப பேகிதான்கா ஓடுது."

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்தேன். ஒவ்வொன்றாக விரித்து, தொடை, முழங்கால், கால்வாய் என்கிற கீழ் விளிம்பு மூன்றையும் அளந்தேன். ஸ்கின்னி கணுக்கால் வரை ஒட்டிப் பிடிக்கும். ஸ்ட்ரெய்ட்டில் முழங்காலும் கால்வாயும் ஏறக்குறைய ஒரே அளவு. மாம் ஃபிட் இடுப்பில் உயர்ந்து, தொடையில் தளர்ந்து, கீழே குறுகும். பேகி மேலிருந்தே தொளதொள. பூட்கட் தொடையில் பிடித்து, முழங்காலிலிருந்து விரியும். நிர்மலாவுடையதில் அந்த விரிவு காலுக்கு இரண்டு அங்குலம். அதைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

"அக்கா, தைக்கிறவங்களா? ரங்கநாதன் தெரு முனையில ஆல்டரேஷன்காரர் இருப்பாரு, பாருங்க" என்றான் பையன்.

12.15. நடைபாதையில் தையல் மெஷினோடு அந்தப் பெரியவர். ஜீன்ஸைப் பார்த்ததும், "இன்னாம்மா, நல்லாகீற பூட்கட்டை பென்சிலாக்கிக்கினு வந்துகீறே?" என்றார்.

"நான்தாங்க பண்ணினேன்."

"தைரியந்தான்!" என்று சிரித்து, ஒரு கோணியைக் காலால் தள்ளினார். உயரம் குறைத்தபோது வெட்டிய கால் துண்டுகள், எல்லா நீலத்திலும். "இந்த வளையத்தை ஒரு பக்கம் கத்திரிச்சா நீட்டுத் துணி கெடைக்கும். முக்கோணமா வெட்டிப் பக்கத்துல சொருவு. கலர் பாத்து எடுத்துக்கோ. துட்டெல்லாம் வேணாம்."

அரை மணி கிளறியதில் நிறம் பொருந்தின இரண்டு துண்டுகள் கிடைத்தன. சுடிதாருக்கு எத்தனையோ முக்கோணம் வைத்தவள் நான். இதைத் தைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2.00 மணிக்கு வீடு. இருட்டுவதற்குள் இரண்டு காலிலும் முக்கோணம் வைத்துத் தைத்து முடித்தேன். ரவிக்கையில் துணி தளர்ந்திருந்தால் பிடித்துத் தைப்பதுதான் திறமை. ஜீன்ஸில் தளர்வையே கணக்குப் போட்டு விடுகிறார்கள். கேட்டுவிட்டுத்தான் கத்திரி எடுக்க வேண்டும் என்பது அங்கே போய் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை நிர்மலா வந்து போட்டுப் பார்த்தாள். இடது காலில் தையல் சற்றுச் சுருங்கியிருந்தது. பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.