உட்கார முடியாதவளுக்குக் கூட்டிருந்த நாள்

போன வருஷம் ஓண விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. இடம், பனச்சமூடு சந்திப்பு. அங்கே கேரளத்தில் நின்று சாயா குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி ஊற்றினால், தண்ணீர் தமிழ்நாட்டில் போய் விழும் என்று கேலி பேசுவோம். அந்தச் சந்திப்பில் ஒரு காலைப்பொழுது முழுக்க நான் நடந்துகொண்டே இருந்தேன். ஏன் நடந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் ஆட்களிடம் வாய் ஓயாமல் பேசிக் கற்றது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மனநோய் வந்தது. ஆளில்லாத மூலையிலிருந்து யாரோ என்னைத் திட்டுவது கேட்கும். ஆஸ்பத்திரியில் கிடந்து, மருந்து தின்று, பைய மீண்டு வந்தேன். இன்றும் ராத்திரி ஒரு மாத்திரை உண்டு.

தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில், மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் பகலில் கூடியிருக்க ஒரு வீடு இருக்கிறது. ஒரு காலத்தில் நோயாளியாக அதன் படியேறினேன். இப்போது அங்கேயே எனக்கு வேலை. பயிற்சியில் அந்த வேலையைப் ‘பியர் சப்போர்ட்’ என்றார்கள். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு துணைக்குத் தங்குவதைக் ‘கூட்டிருக்கிறது’ என்பார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் பட்டது. நாங்கள் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டு, குறை, நிறுத்து என்று வாயைத் திறக்கக் கூடாது. புத்திமதியும் சொல்லக் கூடாது. “எனக்கும் இது இருந்தது” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை தோறும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுவோம். அங்கே வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகளை மனசில் சேர்த்து வைப்பது என் பழக்கம். காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து வரும் மீன்பிடிக்காரர் ஒருவர், “எனக்க தலைக்குள்ள ரேடியோ ஓடுது, சுவிச்சு வேற எவனுக்க கையிலயோ இருக்கு” என்பார். குரல் கேட்பதை அதைவிட நன்றாக எந்த டாக்டரும் எனக்கு விளக்கியதில்லை.

அந்த வட்டத்துக்கு வருகிறவள்தான் இந்த அனுபவத்தின் நாயகி. முப்பது வயதிருக்கும். அண்டியாபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பருப்பின் தோல் உரிக்கிற வேலை. நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதற்கு முந்தின வருஷம் அவளும் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவளுக்கும் ரேடியோதான் ஓடியது. மீண்டு வந்து, மறுபடி வேலைக்குப் போய், வட்டத்தில் எல்லோரையும் கிண்டலடித்துச் சிரிக்க வைக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

அவள் கணவர் வெளிநாட்டில் கட்டட வேலை. புகுந்த வீடு சந்திப்புக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பிறந்த வீடு இந்தப் பக்கம், கேரளத்தில். இடையில் நடந்துபோகிற தூரம்தான். மகள் படிப்பது கேரளத்துப் பள்ளிக்கூடம் என்பதால், காலையில் மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து, சாயா குடித்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குத் திரும்புவாள். அம்மாவுக்கும் மாமியாருக்கும் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்தில் தொடங்கிய ஏதோ பிணக்கு.

அன்றைக்குக் காலையில் அவள் அம்மா போன் செய்தார்.

“மோளே, ஒண்ணு ஓடி வா. இவளுக்குப் பழையபடி தொடங்கியாச்சு. ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குறா. அண்டியாபீஸிலிருந்து திருப்பி விட்டுட்டாங்க. மாப்பிளைக்க அண்ணன் உச்சை நேரத்துக்கு ஜீப்பு கொண்டு வாறாராம். ஆஸ்பத்திரியில கொண்டு ஆக்கிடுவாங்க மோளே.”

பின்னால் செருப்புச் சத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். நின்றுகொண்டேதான் போனேன். உட்கார இடம் கிடைத்திருந்தாலும் அன்று உட்கார்ந்திருக்க மாட்டேன். மறுபடி வந்துவிட்டதா? இவ்வளவு தேறினவளுக்கே வந்தால் எனக்கு? எங்கள் வேலையில் இது ஒரு தொல்லை. பிறத்தியாருக்கு நோய் திரும்பினது என்று கேட்டால், நம் வீட்டுக் கதவையும் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும். வழியெல்லாம் என் தலைக்குள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனேன். கண்டக்டர் சத்தமும் பிள்ளைகளின் சிரிப்பும்தான் கேட்டன.

வீட்டு முற்றத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள். கிணற்றடியிலிருந்து வேலி வரை, வேலியிலிருந்து கிணற்றடி வரை. ரப்பர் இலைகள் விழுந்து கிடந்த முற்றத்தில், அவள் நடந்த இடம் மட்டும் தனிப் பாதையாகத் தெரிந்தது. முகம் வற்றியிருந்தது.

அம்மா சாயாவையும் ஒரு மாத்திரையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். “காலம்பற தின்னாம ஓடினேல்லியா, இப்ப இதைத் தின்னுட்டு ஒரு இடத்துல இரி பிள்ளே!”

அவள் மறுபேச்சில்லாமல் மாத்திரையை விழுங்கினாள். நடந்தபடியே.

நானும் என்னவோ பெரிய ஆள் மாதிரி, “வா மக்கா, இப்பிடி இரி, பேசலாம்” என்று கட்டிலில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். தொடையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கால் கேட்கவில்லை. நான் வழக்கம்போல, “எனக்கும் ஒரு காலத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“அக்கா, நல்லா இருப்பிய, இப்ப கதை வேண்டாம். நடக்கணும்னா கூட வாங்க” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டேன். முற்றம் எங்கள் இருவருக்கும் போதவில்லை. ரோட்டுக்கு இறங்கி, சந்திப்பு வரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு அதுவும் இல்லை. ஓடுகிற தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தாள். ஜீப் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்ப்பதும், நான் பார்ப்பதை அவள் பார்ப்பதுமாக நடந்தோம்.

சாயாக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “என்ன, ரெண்டு பேரும் ரோட்டை அளக்கியளா?”

“ஆமா. பஞ்சாயத்து மெம்பரு இந்தக் குழியெல்லாம் எண்ண மாட்டாரு. நாங்களாவது எண்ணிக் குடுக்கோம்” என்றாள் அவள், நிற்காமல்.

கடையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போன தடவை நோய் ஏறியிருந்தபோது அவளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவளுக்கு நாம் பேசுவதே எட்டாது. ஆள் முகத்தைப் பார்க்க மாட்டாள். இப்படி மெம்பரைக் குத்திப் பேசவெல்லாம் ரேடியோ விடாது.

நேராகவே கேட்டேன். “பிள்ளே, ரேடியோ ஓடுதா?”

“இல்லக்கா. மண்டையில ஒண்ணும் இல்ல. சத்தியமாட்டு. இந்தக் காலுக்குள்ளதான். எறும்புப் புத்துல காலை வச்ச கணக்கு. ஒரே வெப்ராளம், பதைப்பு. நின்னா உயிரு போவும்போல இருக்கு. சொன்னா ஆரு நம்புவா?”

என் காலுக்குள்ளும் இது ஒருமுறை வந்திருக்கிறது. எறும்பு என்று நான் சொன்னதில்லை. உள்ளே யாரோ தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். பல வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், மாத்திரை கூட்டின வாரத்தில். அன்று டாக்டர் அது நோயில்லை, மருந்து தருகிற தொல்லை என்று சொல்லி, மருந்தைக் குறைத்த பிறகுதான் என் கால் அடங்கியது.

“உனக்கு மாத்திரை ஏதும் கூட்டினாங்களா?”

“டாக்டரு ஒண்ணும் கூட்டல்ல. எப்பவும் உள்ளதுதான்.”

பேசிக்கொண்டே சந்திப்பைத் தாண்டி, அவள் மாமியார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். மாமியார் வெளியே வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் மாத்திரை.

“நேத்து ராத்திரி மருந்தைத் துப்பிட்டா இவ. அதாக்கும் இந்தக் கெடந்து நடப்பு. அவ அம்மை மருந்து குடுக்கவா போறா! இன்னா மக்கா, தின்னு.”

அவள் கையை நீட்டி வாங்கிவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

“மக்கா, நில்லு!” என்று கத்தினேன்.

“நிக்கத்தானே அக்கா முடியல்ல” என்றாள். ஆனால் கை நின்றது.

“மாமி, இந்த மருந்து எங்கேயிருந்து வாங்கினது?”

“இங்கே நம்ம கவர்மெண்டு ஆஸ்பத்திரியில. மழைக்காலத்துல ஒரு தடவை மருந்து தீந்து போச்சு. அவ அம்மைய நம்பி இருந்தா சரிவராதுன்னு நான் கூட்டிட்டுப் போயி எழுதி வாங்கினேன். அதுல இருந்து மாசாமாசம் நான்தான் வாங்கிக் குடுக்கேன்.”

கேரளத்து ஆஸ்பத்திரி மருந்தை அம்மா காலையில் கொடுக்கிறார். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி மருந்தை மாமியார் ராத்திரியில் கொடுக்கிறார். மற்றவர் கொடுக்க மாட்டார் என்ற சந்தேகத்தில், இருவருமே ஒருநாள்கூடத் தவறாமல் கொடுக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாததால் ஒருவருக்கொருவர் தெரியாது. கண்டுகொள்ளாத வீடுகளில் மருந்து இல்லாமல் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு பக்கமும் அக்கறை கூடிப்போய் இந்த நிலைமை.

“ஏன் பிள்ளே, ரெண்டு இடத்துலயும் தாறாங்கன்னு நீ சொல்லண்டாமா?”

அப்போது அவள் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது.

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். ரெண்டும் வேற வேறன்னு நெனச்சேன். பொறவு சந்தேகம் வந்துது. நேத்துதான் துணிஞ்சு துப்பினேன். உடனே ஜீப்பு விளிச்சாச்சு. எனக்க வாயிலேருந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை வந்தா, அது நான் சொல்லுறதா யாரும் எடுக்க மாட்டாங்க அக்கா. மண்டையில உள்ள தீனம் சொல்லுதுன்னுதான் எடுப்பாங்க.”

 

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. கணவரின் அண்ணன் இறங்கினார். மாற்றுத் துணிப் பையோடு மாமியார் முன்னமே தயாராக இருந்தார். இது மருந்தால் வந்த தொல்லையாக இருக்கலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அதைச் சொல்ல நான் யார்? என் ஊகம் தப்பாகி, உண்மையிலேயே நோய் திரும்பியிருந்தால்?

“அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். போகத்தான் வேணும். ஆனா அவளுக்க அம்மாவையும் ஏத்தணும். ரெண்டு வீட்டு மருந்தும் அப்பிடியே அட்டையோட வரணும். டாக்டரு பார்த்து முடிவு பண்ணட்டும்” என்றேன்.

“எனக்க வண்டியில அவளா?” என்றார் மாமியார்.

“அம்மா, உங்க பிணக்கைக் கல்யாண மண்டபத்துல வச்சுக்கிடுங்க. இப்ப ஏறுங்க” என்றார் மகன். அந்த மனிதரை நான் வில்லனாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஜீப்பில் இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு ஓரம், ஆளுக்கொரு மருந்துக் கவர். நடுவில் அவள். அவள் கால் இரண்டும் தாளம் போட்டுக்கொண்டே வந்தன. வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்கி நடந்தோம். நாங்கள் முன்னால் நடக்க, ஜீப் பின்னால் ஊர்ந்தது. சாமி ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அழுதாள்.

டாக்டர் அவளை உட்காரச் சொல்லவில்லை. “நடந்துட்டே சொல்லுங்க” என்றார். பிறகு இரண்டு அட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. இது பழைய நோய் இல்ல. மருந்து இரட்டிப்பாப் போனதால வந்த தவிப்பு. அட்மிஷன் வேண்டாம்.” ஒன்றைக் குறைத்து, கால் அடங்க வேறொரு மாத்திரை எழுதி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மாக்கள் தொடங்கினார்கள். பேச்சில்லாமல் இருந்தவர்கள், சண்டை போடுவதற்காகவாவது பேசினார்களே!

“எனக்க மோளுக்கு நான் மருந்து குடுக்கக் கூடாதா?”

“எனக்க வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு நான் குடுக்கண்டாமா?”

இனி மருந்து எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. அவள் எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று என் தோளைப் பிடித்து, ஆடும் காலோடு நின்றாள்.

“ரெண்டு வீடும் வேண்டாம். எனக்க மருந்து எனக்க பையில இருக்கட்டு.”

அந்த ‘வேண்டாம்’ கேட்டதும் அம்மாக்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கணவரின் அண்ணன்தான் மருந்துக் கவரை வாங்கி அவள் கையில் கொடுத்தார். “சரிதானே, தின்னுறது அவதானே” என்றார்.

கால் உடனே அடங்கிவிடவில்லை. எறும்புகள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கின. கொஞ்ச நாள் கழித்து அண்டியாபீஸில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை வட்டத்துக்கு வந்தாள். நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.

“அக்கா, அண்ணைக்கு ஒரு கதை பாதியில நிக்குதே. இப்ப சொல்லுங்க, நான் இருந்து கேக்கேன்.”

சொன்னேன். இடையில் இரண்டு தடவை கொட்டாவி விட்டாள்.

இப்போதும் யாராவது மாத்திரையைத் தள்ளிவிட்டு “வேண்டாம்” என்று சொன்னால், என் நெஞ்சில் முதலில் எழுவது அதே பழைய பயம்தான். ஆனால் “இரி” என்று சொல்ல வருகிற நாக்கை அடக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொள்கிறேன். அந்த ‘வேண்டாம்’ நோயின் சொல்லா, அந்த ஆளின் சொல்லா என்பது, கூட நடந்து பார்த்தால்தான் தெரிகிறது.