பொத்தான் வைத்தவனும் மூட்டு வைத்தவனும்

கப்பலில் வேலை செய்த மாமா ஒருமுறை லீவில் வந்தபோது எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வீரனைக் கொண்டுவந்தார். அண்ணனுடையவனின் முதுகில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் வலது கை ‘டக்’கென்று மேலிருந்து கீழே வெட்டும். என்னுடையவனுக்குப் பொத்தான் கிடையாது. ஆனால் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மனிதருக்கு மடங்கும் இடமெல்லாம் அவனுக்கும் மடங்கியது.

திருகோணமலையில் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையில் அப்போது வீரர்களைச் சேர்ப்பது பெரிய காரியம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம் என்றாலும், கப்பலில் ஆள் இருந்த வீட்டுப் பிள்ளைகள் வீரர்களைப் போட்டுவைக்கும் பிஸ்கட் பேணிகள் நிறைந்துதான் இருந்தன. பின்னேரங்களில் எல்லாரையும் மதிலில் நிறுத்தி, எவன் திறம் என்று தீர்ப்புச் சொல்வோம். தீர்ப்பு எப்போதும் பொத்தான் பக்கமே விழும்.

“உன்ரவன் சும்மா நிக்கிறான். ஒண்டும் செய்யமாட்டான்,” என்பான் அண்ணன்.

“உன்ரவன் ஒண்டை மட்டும்தான் செய்வான். என்ரவன் நான் சொல்லுறதெல்லாம் செய்வான்,” என்பேன் நான்.

சும்மா சொல்லவில்லை. அவனைச் சம்மணமிட்டு உட்கார வைத்தேன். ஈர்க்கைத் துடுப்பாகப் பிடித்துத் தோணி வலிக்க வைத்தேன். அப்பாவைப்போலக் கன்னத்தில் கை வைத்துப் பேப்பர் பார்க்க வைத்தேன். ஒழுங்கைப் பெடியன்கள் ஒரு நிமிடம் பார்ப்பார்கள். பிறகு திரும்பிப்போய் அண்ணனின் பொத்தானை அமுக்குவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்தப் பள்ளி விடுமுறைக்கு அம்மா எங்களைக் குச்சவெளியில் இருந்த சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார். நிலாவெளி தாண்டியதும் இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. வழமைபோல எல்லாரும் பைகளோடு இறங்கி வரிசையில் நின்றோம். எங்கள் பையைக் கிளறிய ஆமிக்காரனின் கையில் அண்ணனின் வீரன் அகப்பட்டான். மீசை சரியாக முளைக்காத ஆமிக்காரன். வீரனைக் காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே ஏதோ கடகடத்தது. அவன் முகம் இறுகியது.

“உள்ளுக்கு என்ன?”

அம்மா எங்கள் இருவரையும் தன் பக்கம் இழுத்தார். அண்ணன்தான் மெல்ல, “சுருள்கம்பி. பின்னால பட்டன் இருக்கு, அமுக்கிப் பாருங்கோ,” என்றான்.

ஆமிக்காரன் அமுக்கினான். கை வெட்டியது. சிரித்துவிட்டான். மற்றொருவனைக் கூப்பிட்டுக் காட்டி, திரும்பத் திரும்ப அமுக்கினான். வரிசையில் நின்றவர்களும் மூச்சு விட்டார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இங்கேயுமா பொத்தான்! பையிலிருந்து என் வீரனை எடுத்துக்கொண்டு முன்னே போனேன்.

“அதுக்கு அடிக்க மட்டும்தான் தெரியும். இதைப் பாருங்கோ.”

“பிள்ளை, இஞ்ச வா,” என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை. சோதனை மேசையில் வைத்து உட்கார வைத்தேன், நடக்க வைத்தேன். ஆமிக்காரன் குனிந்து ரசித்தான். அந்த உற்சாகத்தில், ஒழுங்கையில் இன்னும் யாருக்கும் காட்டாத வித்தையை எடுத்தேன். இரண்டு முழங்கால்களையும் மடித்து மண்டியிட வைத்தேன். இரண்டு கைகளையும் உயர்த்தி, முழங்கைகளை மடித்து, உள்ளங்கைகளைப் பிடரியில் சேர்த்தேன். கடைசியாகத் தலையைக் குனிய வைத்தேன். எல்லா மூட்டும் ஒன்றாக வேலை செய்தால்தான் அப்படி நிற்கும். விழாமல் நின்றான்.

“எங்கட அப்பாவும் இப்பிடித்தான் இருந்தவர்,” என்றேன் பெருமையாக. “ஆமி ஒழுங்கையைச் சுத்தி வளைச்ச அண்டைக்கு, கிரவுண்டில. பின்னேரம் வரைக்கும் அசையாமல் இருந்தவர்.”

அந்த ஆமிக்காரனுக்கு எவ்வளவு தமிழ் விளங்கியதோ தெரியாது. சிரிப்பு நின்றுவிட்டது. என் வீரனைக் கையில் எடுத்தான். குனிந்த தலையை நிமிர்த்தினான். பிடரியில் இருந்த கைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான். முழங்கால்களை நேராக்கி, நிற்கிற ஆளாக என் கையில் தந்தான். பிறகு, மிச்சப் பைகளைத் திறக்காமலே எல்லாரையும் போகச் சொன்னான்.

பஸ்ஸில் யாரும் கதைக்கவில்லை. எல்லாரும் என் வீரனைக் கண்டு வாயடைத்துப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணன்கூட என் காதுக்குள், “ஓம், உன்ரதுதான் திறம்,” என்றான். அவன் வாயால் அதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன்! ஜன்னலில் கடல் வந்து வந்து போனது. வீரனை மார்போடு பிடித்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸிலேயே பெரிய ஆளாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வளர்ந்துவிட்டாய் என்று என்னைத் தூக்குவதையே நிறுத்தியிருந்த அம்மா, அன்றைக்கு இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். குச்சவெளி வரைக்கும் இறக்கிவிடவில்லை. இரண்டு கைகளாலும் என்னை இறுக்கிப் பிடித்திருந்தார். வென்ற பிள்ளைக்குக் கிடைத்த பரிசு என்றுதான் நான் நினைத்தேன்.